இருபத்தொன்பதாம் பிரிவின் வரலாறு

பல இனத்தாரும் பல சமயத்தாரும் ஒருங்கே வாழும் நாடொன்றிலே குடியாட்சி நடைபெறுமிடத்து எழுகின்ற முதற் சிக்கல் எண்ணிக்கை பற்றியதாகும். பெரும்பான்மையோரின் விருப்பப்படி ஆட்சி நடத்துவதே குடியாட்சியின் அடிப்படை. ஆயின், கருத்தினால் அமையும் பெரும்பான்மை தேர்தலுக்குத் தேர்தல் மாறும் இயல்புடையது. இன்று தோற்ற கட்சி நாளை வெல்லலாம். பிறப்பினாலும் மொழியினாலும் அமையும் பெரும்பான்மைக்கு அவ்வியல்பு இல்லை. நூற்றுக்குப் பத்துப் பேராக உள்ள கூட்டத்தார் எத்துணைத் திறமையாக வாதாடினும், அடுத்த தேர்தலுக்குள் ஐம்பத்தொரு பேராகிவிட மாட்டார். அவர்களுடைய உரிமையையும் உயிரையும் உடைமையையும் வாக்குப் பெட்டி மாத்திரம் காத்தல் இயலாது. அதற்கென வேறொரு காப்பு வேண்டும்.

அத்தகைய காப்பொன்றை இலங்கை ஒரு காலத்திற் பெற்றிருந்தது. சோல்பரி அரசியற்றிட்டம் என வழங்கும் 1946ஆம் ஆண்டின் அரசியற்றிட்டக் கட்டளையிலே இடம்பெற்ற 29ஆம் பிரிவே அது. ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அது சட்டப் புத்தகத்தில் இருந்தது, பின்னர் மறைந்தது. அது தோன்றிய காரணத்தையும், சோதனைக்குள்ளான இடங்களையும், மறைந்த விதத்தையும் அறிதல், பல்லினச் சமுதாயத்திலே காப்பு என்பது யாது என்பதை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவும்.

1931ஆம் ஆண்டிலே டொனமூர் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இனவாரியான பிரதிநிதித்துவம் ஒழிக்கப்பட்டு, ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வழங்கப்பட்டது. ஆசியாவிலே பெருஞ் சிறப்புக்குரிய செயல் அது. ஆனால், தொகுதிவாரியாக மாத்திரம் உறுப்பினர் தெரிவுசெய்யப்பட்டமையால், சிறுபான்மையோரின் மனத்திலே அச்சமொன்றும் உடன் பிறந்தது. 1936ஆம் ஆண்டில் அமைந்த மந்திரி சபையின் ஏழு உறுப்பினரும் சிங்களவராக இருந்தமை அவ்வச்சத்தை உறுதிப்படுத்திற்று. இதன் விளைவாகவே திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்கள், சட்டசபை இடங்களிற் பாதி சிங்களவர்க்கும் மற்றப் பாதி ஏனைய இனத்தார் எல்லார்க்கும் உரியனவாதல் வேண்டும் என்னும் 'ஐம்பதுக்கு ஐம்பது' கோரிக்கையை முன்வைத்தார்.

1944ஆம் ஆண்டு டிசம்பரில் இலங்கைக்கு வந்த சோல்பரி ஆணைக்குழுவினர் இக்கோரிக்கையை ஏற்றிலர். இனவாரியாக இடங்களைப் பகிர்ந்தால் இனப்பிரிவு நிலைத்துவிடும் என்பது அவர்தம் கருத்து. அதற்குப் பதிலாக வேறு சில காப்புக்களை அவர்கள் ஏற்றனர். 75,000 மக்களுக்கு ஓர் உறுப்பினர் என்னும் கணக்கோடு, 1,000 சதுர மைலுக்கு ஓர் உறுப்பினர் என்னும் கணக்கும் சேர்க்கப்பட்டது. குடிசெறிவு குறைந்த மாகாணங்களில் வாழும் சிறுபான்மையோர்க்கு இதனாற் சற்றுக் கூடுதலான இடங்கள் கிட்டும் என எதிர்பார்க்கப்பட்டது. உத்தியோக நியமனங்களைக் கவனிக்கப் பொதுச்சேவை ஆணைக்குழுவும், நீதிபதிகளுக்கு நீதிச்சேவை ஆணைக்குழுவும் அமைந்தன. இவையனைத்துக்கும் மேலாக நின்றது 29ஆம் பிரிவு.

அப்பிரிவு கூறியதன் சாரம் இதுவாகும். அமைதிக்காகவும் ஒழுங்குக்காகவும் நல்லாட்சிக்காகவும் சட்டமியற்றப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயினும், எச்சமயத்தினதும் சுயேச்சையான அனுட்டானத்தைத் தடைசெய்யும் சட்டத்தை அது இயற்றலாகாது. ஏனைய இனத்தார்க்கோ சமயத்தார்க்கோ இல்லாத தடையை ஓரினத்தார்மீதோ ஒரு சமயத்தார்மீதோ சுமத்தலாகாது. ஏனையோர்க்கு வழங்காத சலுகையை ஒருவர்க்கு மாத்திரம் வழங்கலாகாது. சமய நிறுவனமொன்றின் அமைப்பை அதன் ஆட்சியாளரின் சம்மதமின்றி மாற்றலாகாது. இவற்றுக்கு முரணாக இயற்றப்படும் சட்டம் அம்முரண் அளவுக்குச் செல்லுபடியாகாது.

1945ஆம் ஆண்டு நவம்பரிலே, புதிய திட்டத்தை ஏற்பதற்கான பிரேரணையை டீ. எஸ். சேனநாயக்கா அவர்கள் அரசாங்க சபையிற் சமர்ப்பித்தபோது, 51 வாக்குகள் சார்பாகவும் 3 வாக்குகள் எதிராகவும் அளிக்கப்பட்டன. சார்பாக வாக்களித்தோருள் தமிழ் உறுப்பினரும் முஸ்லிம் உறுப்பினரும் இருந்தனர். ஐம்பதுக்கு ஐம்பது கிட்டாதபோதும், சட்டத்தின் காப்பும் தலைவர்களின் வாக்குறுதியும் போதும் என அவர்கள் நம்பினர். பிற்காலத்தில் 29ஆம் பிரிவு ஓர் ஒப்பந்தம் எனப் பேசப்பட்டதற்கு இதுவே காரணம்.

இப்பிரிவின் சொற்கள் இலங்கையிலே பிறந்தவையல்ல. மந்திரிகளின் நகலைத் தயாரிக்க உதவிய சேர் ஐவர் ஜெனிங்ஸ், 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து ஆட்சிச் சட்டத்தின் 5ஆம் பிரிவை முன்மாதிரியாகக் கொண்டார். வட அயர்லாந்திலே புரொட்டஸ்தாந்தர் பெரும்பான்மையினர், கத்தோலிக்கர் சிறுபான்மையினர். சமயங் காரணமாக எவர்க்கும் தடையோ சலுகையோ விதிக்கும் சட்டத்தை அங்குள்ள பாராளுமன்றம் இயற்றலாகாது என அப்பிரிவு விதித்தது. அங்கு நடந்தது யாது? கத்தோலிக்கர்க்கு வீடு கொடுக்கற்க என எச்சட்டமும் கூறவில்லை. ஆயினும் ஊராட்சி மன்றங்கள் வீடுகளைப் பங்கிடும்போதும், உத்தியோகம் வழங்கும்போதும், தொகுதி எல்லைகளை வரையும்போதும் வேற்றுமை காட்டப்பட்டது. சிறுபான்மையோர்க்கு நியாயமான இடம் அளித்துவந்த விகிதாசாரத் தேர்தல் முறையும், ஊராட்சித் தேர்தல்களில் 1922ஆம் ஆண்டிலும், பாராளுமன்றத் தேர்தலில் 1929ஆம் ஆண்டிலும் ஒழிக்கப்பட்டது. சட்டத்தின் சொல்லிலே குற்றங் காண இயலாமலே ஆட்சியின் செயலிற் பாரபட்சம் நிகழ்தல் கூடும் என்பதற்கு வட அயர்லாந்து சான்றாயிற்று. அச்சான்று கண்முன்னே இருக்கவும், அதே வகையான சொற்கள் இலங்கைக்கும் எடுத்தாளப்பட்டன.

29ஆம் பிரிவு சந்தித்த முதற் சோதனை மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் பற்றியது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி நாட்டின் மக்கள் தொகை ஏறத்தாழ 66 இலட்சம். அவருள் இந்தியத் தமிழர் எனக் கணிக்கப்பட்டோர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். அக்காலத்தில் இலங்கைத் தமிழரினும் அவர் தொகை மிக்கிருந்தது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனோடு பூட்டனுமோ இலங்கையிற் பிறந்தவர் என நிறுவுதல் வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை அது விதித்தது. பிறப்புப் பதிவு அரிதாக இருந்த தலைமுறைகளைப் பற்றித் தோட்டத்து லயங்களில் வாழ்ந்தோர் எங்ஙனம் சான்று காட்டுவர்? 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் விண்ணப்ப வழியொன்றைத் திறந்தது. அதே ஆண்டிலே, பிரசைகளுக்கே வாக்குரிமை எனத் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லாது போயிற்று. விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருள் 1964 வரையிற் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

இச்சட்டங்கள் 29ஆம் பிரிவுக்கு முரணானவை எனக் கொடாக்கன்பிள்ளை என்பார் தொடர்ந்த வழக்குக் கேகாலை மாவட்டத்திலே தொடங்கிற்று. வாக்காளர் இடாப்பில் அவர் பெயர் சேர்க்கப்படவில்லை. மீளாய்வு அலுவலராக விசாரித்த நீதிபதி அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதனை மாற்றிற்று. இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1953ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை உறுதிப்படுத்திற்று. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பாக உரிய கடமை. இந்தியத் தமிழர் தாமே விரும்பிப் பிரசாவுரிமை பெறுதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆதலின், இது ஓரினத்தார்மீது சுமத்தப்பட்ட தடையன்று என்பது அத்தீர்ப்பின் போக்கு.

இத்தீர்ப்பின் விளைவு ஆழ்ந்து நோக்கற்பாலது. சட்டத்திலே இனத்தின் பெயர் எங்கும் இல்லை. எல்லார்க்கும் ஒரே அளவுகோல். ஆனால், அவ்வளவுகோல் யாருடைய உயரத்துக்குக் கீழே வைக்கப்பட்டது என்பதை நீதிமன்றம் ஆராய்ந்திலது. கூட்டமொன்றைக் காப்புக்குரியோர் வட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டால், காப்பினை மீறாமலே அதனை வெறுமையாக்கலாம் என்பது அன்று வெளியாயிற்று. மற்றொரு முரண்பாடும் நேர்ந்தது. தொகுதிகளைப் பிரிக்கும்போது வாக்குரிமை இழந்தோரும் மக்கள் தொகையிற் சேர்த்து எண்ணப்பட்டனர். சிறுபான்மையோர்க்கென வகுத்த கூடுதல் இடங்களுட் சில, இவ்வாறு மலைநாட்டுப் பெரும்பான்மையோரின் கைக்குச் சென்றன.

இரண்டாவது சோதனை மொழி பற்றியது. 1956ஆம் ஆண்டு ஜூனில் அரசகரும மொழி மசோதா மக்கள் சபையிலே 56 வாக்குகள் சார்பாகவும் 29 வாக்குகள் எதிராகவும் பெற்று நிறைவேறிற்று. எதிர்த்து வாக்களித்தோருள் தமிழ் உறுப்பினரோடு இடதுசாரிச் சிங்கள உறுப்பினரும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. 1957ஆம் ஆண்டு ஜூலை 26ஆந் திகதி பண்டாரநாயக்கா - செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாகி, அடுத்த ஆண்டு கைவிடப்பட்டது. 1958ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கலவரம் மூண்டது; அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பிலே இருப்பிடமிழந்த தமிழர் கப்பலேற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்பட்டனர். இக்கலவரத்தின்போது 29ஆம் பிரிவு ஒரு வீட்டையேனும் காத்ததில்லை. காக்கவும் இயலாது. அப்பிரிவு சட்டமியற்றுவோரை நோக்கிப் பேசியதேயன்றி, கத்தியும் தீப்பந்தமும் ஏந்தியோரை நோக்கியோ, தாமதித்து வந்த காவலரை நோக்கியோ பேசவில்லை. உரிமைக்குக் காப்பு வேறு, உயிருக்குக் காப்பு வேறு என்பதை அவ்வாண்டு உணர்த்திற்று.

மொழிச் சட்டத்தை நீதிமன்றத்திலே சோதித்தவர் கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர் ஆவார். சிங்கள மொழித் தேர்ச்சி பெறாத உத்தியோகத்தரின் சம்பள உயர்வை நிறுத்துமாறு 1961ஆம் ஆண்டில் திறைசேரி சுற்றறிக்கை விடுத்தது. அடுத்த ஆண்டில் அவருக்குரிய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. மொழிச் சட்டம் 29ஆம் பிரிவை மீறுவது. ஆகவே சுற்றறிக்கையும் செல்லாது என அவர் வழக்குத் தொடர்ந்தார். 1964ஆம் ஆண்டிலே கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1967ஆம் ஆண்டிலே உயர் நீதிமன்றம், அரசாங்க ஊழியர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்காட இயலாது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்னும் வினாவுக்கு விடை கூறவில்லை. 1969ஆம் ஆண்டு டிசம்பரிலே கோமறைக் கழகம், வழக்காடும் உரிமை ஊழியர்க்கு உண்டு எனத் தீர்த்து, முதன்மையான வினாவை உயர் நீதிமன்றமே ஆராய்தல் வேண்டும் எனத் திருப்பி அனுப்பிற்று.

அவ்வினா பின்னர் ஒருபோதும் ஆராயப்படவில்லை. 1971ஆம் ஆண்டிலே கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழக்கம் நீக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி புதிய குடியரசு யாப்பு வந்தது. அதில் 29ஆம் பிரிவு இல்லை. பத்தாண்டு வழக்காடிய ஓர் எழுதுவினைஞரின் எளிய கேள்விக்கு ஆம் என்றோ அன்று என்றோ கூற எந்நீதிமன்றமும் எஞ்சவில்லை.

இதனிடையே, 1964ஆம் ஆண்டிலே, இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் வழக்கிற் கோமறைக் கழகம் 29ஆம் பிரிவின் பெருமையை எடுத்துரைத்தது. அப்பிரிவின் காப்புக்கள் இலங்கைக் குடிமக்கள் தமக்குள்ளே அரசியற்றிட்டத்தை ஏற்றுக்கொண்ட அடிப்படை நிபந்தனைகள். ஆகையால் மாற்றற்கரியன என்பது அதன் கருத்து. அவ்வழக்கின் முடிவுக்கு இன்றியமையாததாக இல்லாமல் வழியிடையே கூறிய கருத்து அது. ஆயினும், அக்கருத்தே மறுசாராரை வேறொரு வழியை நாடத் தூண்டிற்று. திருத்த இயலாத திட்டத்தைத் திருத்த முயலாது, முற்றிலும் புதியதொரு யாப்பினைப் பாராளுமன்றத்துக்குப் புறம்பான அரசியல் நிர்ணய சபையில் ஆக்கினர். அந்நியப் பேரரசின் கட்டளையொன்று சுதந்திர நாட்டைக் கட்டுப்படுத்தலாகாது என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்திலே நியாயம் இல்லாமலில்லை. எனினும், பழைய வீட்டை இடிக்கும்போது அதன் பூட்டுக்கு ஈடான பூட்டினைப் புதிய வீட்டுக் கதவிற் பொருத்துவது கட்டுவோர் கடமை. 1972ஆம் ஆண்டு யாப்பின் 18ஆம் பிரிவிலே அடிப்படை உரிமைகள் சேர்க்கப்பட்டன. ஆயின் தேச ஒற்றுமை, பொது ஒழுங்கு முதலிய காரணங்களால் அவற்றைச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்னும் விதி மிக அகன்றிருந்தது. மொழி பற்றிய தன் கோரிக்கைகள் ஏற்கப்படாத நிலையிலே தமிழரசுக் கட்சி 1971ஆம் ஆண்டு ஜூனில் அச்சபையை விட்டு விலகியிருந்தது. 1945ஆம் ஆண்டிலே எல்லா இனத்தாரும் சேர்ந்து ஏற்ற நிலை, 1972இல் இல்லாது போயிற்று.

சோல்பரி பிரபு தாமே இதனைப் பிற்காலத்திற் சிந்தித்தார். இலங்கை பற்றி 1963ஆம் ஆண்டில் வெளிவந்த பீ. எச். பார்மரின் நூலுக்கு முன்னுரை வழங்கியபோது, இந்தியா முதலிய நாடுகளின் யாப்புக்களிற் போல அடிப்படை உரிமைகளுக்கான உத்தரவாதத்தைத் தம் ஆணைக்குழு விதந்துரைத்திருப்பின் நன்றாயிருக்கும் என்னுங் கருத்தை அவர் வெளியிட்டார்.

பின்னர் வந்த ஆண்டுகள் சில குறைகளை நிரப்பின. 1978ஆம் ஆண்டு யாப்பு, இனம், சமயம், மொழி முதலியன காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என விதித்ததோடு, அரசாங்க அதிகாரியின் செயலால் உரிமை மீறப்பட்டவர் நேரே உயர் நீதிமன்றம் செல்லவும் வழி திறந்தது. 29ஆம் பிரிவிலே இல்லாத வழி இது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. மலையக மக்களின் நாடற்ற நிலை, 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை முதலியவற்றின் வழியே நெடுங்காலம் இழுபட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் முடிவுற்றது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆந் திகதி முதல் இலங்கையில் வதிந்த இந்திய வமிசாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அச்சட்டம் பிரசாவுரிமை வழங்கிற்று. பறித்ததும் பாராளுமன்றமே, ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் மீட்டளித்ததும் பாராளுமன்றமே. ஆயினும், நிறைவேறிவிட்ட சட்டமொன்றை 29ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்திலே எதிர்க்க இருந்த உரிமை மீளவில்லை. 1978ஆம் ஆண்டு யாப்பின்படி மசோதாவாக இருக்கும் நிலையிலேயே அதனை எதிர்த்தல் வேண்டும்.

இவ்வரலாற்றிலே தமிழர் தம்மை நோக்கியும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. சிறுபான்மை என்பது இடத்தைப் பொறுத்தது. நாடு முழுவதிலும் சிறுபான்மையராயிருப்போர் ஒரு மாகாணத்திலே பெரும்பான்மையராயிருப்பர். 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்களிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தார்க்குச் சில மணி நேரமே அவகாசம் அளிக்கப்பட்டது. 1958இலும் 1977இலும் 1983இலும் தமிழர் இழந்தவற்றை எண்ணி வருந்துவோர், அந்த அக்டோபரை ஒதுக்கிவிட்டு உரிமை பேசுதல் தகாது. தமக்கு வேண்டும் காப்பினைத் தம்மினும் சிறிய கூட்டத்தார்க்கு அளிப்பதே, அக்காப்பிலே உண்மையான நம்பிக்கை உண்டு என்பதற்குச் சான்று.

இனி, 29ஆம் பிரிவு ஏன் போதாததாயிற்று என்பதைத் தொகுத்து நோக்கலாம். அது சட்டத்தின் சொல்லைக் கட்டுப்படுத்திற்று. அதிகாரியின் செயலைக் கட்டுப்படுத்தவில்லை. யார் பிரசை என்னும் முதல் வாயிலை அது காவலின்றி விட்டது. அதன் பயனை அடைய விரும்பியவர் கேகாலையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் இலண்டன் வரை செல்ல நேர்ந்தது. அதற்குள் ஆண்டுகள் கழிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அதனைத் தமதென எண்ணிக் காக்கப் பெரும்பான்மையினத்தாரிற் போதியோர் முன்வரவில்லை. சிறுபான்மையோரின் சலுகையென அது கருதப்பட்டதே தவிர, யாவர்க்கும் பொதுவான நீதியெனக் கருதப்படவில்லை. 1956ஆம் ஆண்டிலே ஒரு மொழிச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய இடதுசாரித் தலைவருள் ஒருவரான கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வாவே, அரசியலமைப்பு விவகார அமைச்சராக 1972ஆம் ஆண்டு யாப்பினை ஆக்குவதில் முன்னின்றார் என்பது இதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

முன்மாதிரியாக நின்ற வட அயர்லாந்தின் பாராளுமன்றமும், வியக்கத்தக்க வகையிலே, அதே 1972ஆம் ஆண்டிலே கலவரங்களின் நடுவே இடைநிறுத்தப்பட்டது. 1998ஆம் ஆண்டிலே பெல்பாஸ்ற் உடன்படிக்கை செய்தபோது, அந்நாட்டார் 1920இன் சொற்களோடு நின்றிலர். இரு சாராரும் மந்திரி சபையிற் பங்குபெறும் முறை, மனித உரிமை ஆணைக்குழு, சமத்துவ ஆணைக்குழு, காவற்படைச் சீர்திருத்தம் ஆகியவற்றையும் சேர்த்தனர். அவ்வுடன்படிக்கையைப் பொதுசன வாக்கெடுப்புக்கு விட்டு, இரு சாராரின் சம்மதத்தையும் பெற்றனர். மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்த பின் அவர் கற்ற பாடம் அது.

இலங்கை அதனினும் பன்மடங்கு உயிர்களை இழந்துள்ளது. புதிய யாப்புப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 29ஆம் பிரிவின் வரலாறு மேசைமேல் வைக்கப்படல் வேண்டும். எழுதப்போகும் காப்பு அதிகாரியின் செயலையும் தொடுமா, ஏழையொருவன் தன் ஊருக்கு அண்மையில் அதனைப் பெறுவானா, ஓராண்டுக்குள் விடை கிட்டுமா, கலவரத்தின் முதல் மணி நேரத்திலே காவலர் எல்லார்க்கும் காவலராய் நிற்பரா என்னும் வினாக்களை அது எழுப்பும். அவற்றுக்குத் தெளிவான விடை கூறும் யாப்பினை எல்லா இனத்தாரும் ஒருங்கே அமர்ந்து எழுதும் நாளிலே, விடையின்றிப் போன எழுதுவினைஞரின் வழக்குக்கும் ஒருவகையிலே தீர்ப்புக் கிடைத்ததாகும்.